நடு நாற்காலியில் யார் உட்காருவது?

1979 ஜூலையில் சோனி கொண்டுவந்த முதல் வாக்மேனில் ஹெட்போன் செருக இரண்டு துளைகள் இருந்தன. வைத்திருப்பவருக்கு ஒன்று, கூட இருப்பவருக்கு ஒன்று. ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தானும் உண்டு. அதை அழுத்தினால் பாட்டுச் சத்தம் தணியும்; உள்ளே இருக்கும் சின்ன மைக் வழியாக ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழும். சோனியின் அகியோ மொரிட்டா சொல்லி வைக்கச் செய்த வசதி இது. பக்கத்தில் ஆள் இருக்கும்போது ஒருவர் மட்டும் காதை மூடிக்கொண்டு பாட்டுக் கேட்பது மரியாதையாக இருக்காது என்பது அவர் எண்ணம். வாங்கியவர்கள் அப்படி நினைக்கவில்லை. ஆளுக்கு ஒரு பெட்டி வாங்கிக்கொண்டார்கள். அடுத்தடுத்த மாடல்களில் ஆரஞ்சுப் பொத்தான் போனது, பிறகு இரண்டாவது துளையும் போனது.

நல்ல ஒலிக்காகச் செலவு செய்யும் ஆடியோஃபைல் கூட்டத்தில் நானும் இருக்கிறேன். ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், டிஜிட்டல் பாட்டை ஒலியாக மாற்றும் ‘டாக்’ கருவி, கேபிள் என்று மணிக்கணக்கில் பேசுவோம். எதில் கேட்டாய் என்றுதான் ஒருவரையொருவர் விசாரிப்போமே தவிர, யாரோடு கேட்டாய் என்ற கேள்வி எங்கள் பேச்சில் வந்ததே இல்லை. கடந்த சில வருடங்களாக அது மெல்ல மாறி வருகிறது. அந்த மாற்றம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஏன் என்று எழுதிவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு.

எங்கள் கரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பாட்டு முதலில் வந்தது பஞ்சாயத்து ரேடியோ வழியாக. ஒரு மேடை கட்டி, அறைக்குள் ரேடியோவை வைத்துப் பூட்டி, வெளியே குழாய் ஸ்பீக்கர் மாட்டியிருப்பார்கள். அப்பா தலைமுறை செய்தியும் பாட்டும் கேட்டது அங்கேதான். அப்புறம் டீக்கடை. இலங்கை வானொலியில் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் பேசுவதைக் கேட்க ஒரு டீயை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். கல்யாணம், காதுகுத்து, கோயில் நோம்பி என்றால் மைக் செட். தென்னை மரத்தில் கட்டிய குழாயில் பேஸ், அதாவது கீழ்ஸ்தாயி ஒலி, வரவே வராது. தபேலாவில் டக்காவின் சத்தமே காதில் விழாது. ஆனாலும் இரண்டு மைல் தள்ளி வயலில் நிற்பவருக்கும் இன்றைக்கு எந்தப் பாட்டு ஓடியது என்று தெரியும். ஊருக்கே ஒரு பெட்டிதான் என்பதால் எல்லாரும் கேட்டோம். அதில் பெருந்தன்மை ஒன்றும் கிடையாது, விலைதான் காரணம்.

நான் வளர்ந்த காலத்தில் அந்த இடத்துக்கு ரெக்கார்டிங் சென்டர் வந்திருந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு இதை விளக்கித்தான் சொல்ல வேண்டும். பத்தடிக்குப் பத்தடி கடை. சுவர் முழுக்க எல்.பி. ரெக்கார்டுகள், பெரும்பாலும் எக்கோ, இன்ரிகோ கம்பெனிகள் வெளியிட்டவை. மேசை மேல் ரெக்கார்டைச் சுழற்ற ஒரு டர்ன்டேபிள், கேசட்டில் பதிய ஒரு டெக். பிடித்த பாட்டுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, காலி கேசட்டோடு கொடுத்துவிட்டு வர வேண்டும். சில நாள் கழித்துப் பதிந்து தருவார்கள்.

அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். நாலரை நிமிடப் பாட்டாக ஆறு போட்டால் மூன்று நிமிடம் மிச்சம் நிற்கும். அந்த மிச்சத்தை என்ன செய்வது என்பதில்தான் கடைக்காரரின் தரம் தெரியும். சிலர் காலியாக விட்டுவிடுவார்கள். சிலர் ஏழாவது பாட்டைப் பாதியில் வெட்டுவார்கள். நான் போகும் கடையில் இருந்த அண்ணன் என் தாளைப் படித்துப் பார்த்து, அதற்குப் பொருத்தமாக மூன்று நிமிடத்துக்குள் முடிகிற ஒரு பாட்டைத் தேடிப் போடுவார். கேசட் அட்டையில் கடைசி வரியில் அதற்கு மட்டும் பெயர் எழுத மாட்டார். “எச்சா ஒண்ணு போட்டிருக்கேன் தம்பி, கேட்டுட்டு வந்து சொல்லு” என்பார். அடுத்த முறை போனால் அதைப் பற்றித்தான் முதலில் பேச்சு. பிடித்ததா, எந்த இடம் பிடித்தது, இரண்டாவது இடையிசையில் புல்லாங்குழல் போகிற வழியைக் கவனித்தாயா என்று கேட்பார். கவனிக்கவில்லை என்றால் ரெக்கார்டை எடுத்து ஊசியை அந்த இடத்தில் வைத்துக் காட்டுவார். கடையில் காத்திருக்கும் மற்ற ஆட்களும் சேர்ந்து கேட்பார்கள். பாட்டுக்குள் பேஸ் கிட்டார் என்று ஒன்று தனியாக நடந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது அந்தக் கடையில்தான். எங்கள் வீட்டு டூ-இன்-ஒன்னில் அது கேட்டதே கிடையாது.

இன்றைய செயலிகளிலும் நம் பட்டியல் முடிந்ததும் தானாக ஒரு பாட்டு வருகிறது. பல நேரம் நல்ல பாட்டாகவே வருகிறது. அதைப் போட்டது யார், ஏன் போட்டார் என்று போய்க் கேட்க ஆள் இல்லை என்பது எனக்குப் பெரிய குறை.

நல்ல ஒலி என்பதே அன்று பொது இடத்தில் நடந்த காரியம். ஆம்ப்ளிஃபயரைக் கடையில் வாங்கியவர்கள் குறைவு. ரேடியோ மெக்கானிக்கிடம் அசெம்பிள் செய்ததுதான் அதிகம். சான்யோ கம்பெனியின் 4440 ஐசி வைத்த போர்டு தமிழ்நாட்டில் எத்தனை வீட்டில் பாடியிருக்கும் என்று கணக்கே எடுக்க முடியாது. ஸ்டீரியோவில் சேனலுக்கு ஆறு வாட். இரண்டையும் சேர்த்து பிரிட்ஜ் செய்தால் பத்தொன்பது வாட். சென்னை ரிச்சி தெருவில் போர்டும் ட்ரான்ஸ்ஃபார்மரும் வாங்கி வருவார்கள், மரப்பெட்டி உள்ளூர் ஆசாரி செய்வார். செட் முடிந்த அன்றைக்குக் கடை வாசலில் வைத்து ஓட்டிப் பார்ப்பார்கள். போகிற வருகிறவர்கள் நின்று கருத்துச் சொல்வார்கள். ‘ஹம் அடிக்குது, எர்த் பாருங்க’ என்பார் ஒருவர். ‘ட்வீட்டர் கத்துது, ஒரு கெப்பாசிட்டர் போடுங்க’ என்பார் இன்னொருவர். டேட்டா ஷீட்டைக் கண்ணால் பார்க்காத ஆட்கள் சரியாகச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த முதல் ஆடியோஃபைல் கூட்டம் அதுதான்.

பஸ்ஸையும் சொல்ல வேண்டும். கரூர், ஈரோடு, திருப்பூர் தடங்களில் ஓடிய தனியார் பஸ்களுக்குள் பாட்டுப் போட்டியே நடக்கும். மேல்கூரை நெடுக ஸ்பீக்கர், பின் சீட்டுக்கு அடியில் ஊஃபர். முன்னால் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு, பாட்டு நன்றாக இருக்கிற அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும் ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மழை வந்தால் டிரைவர் கேசட்டை மாற்றுவார், யாரும் சொல்ல வேண்டியதில்லை. எண்பதுகளின் பாட்டு இங்கே பல தலைமுறைக்கு மனப்பாடமாக இருப்பதற்கு அந்த டிரைவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். தொண்ணூறுகளின் பிற்பாதியில் டவுன் தியேட்டர்கள் போஸ்டரில் படத்தின் பெயருக்குச் சமமாக ‘டி.டி.எஸ்.’ என்று போட்டதும் இதே கதைதான். ஒலிக்காகவே பஸ் ஏறிப் போய்ப் படம் பார்த்த ஊர்க்காரர்கள் உண்டு.

ஆனால் இதையெல்லாம் ஒரு பொற்காலமாக எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டது யார்? ஆண்கள். எல்லா ஆண்களும்கூடக் கிடையாது. தனி டம்ளர் வைத்திருந்த டீக்கடைகளில் சிலர் வெளியே நின்றுதான் கேட்டார்கள். கோயில் நோம்பிக்குக் குழாய் எந்தத் தெருவைப் பார்த்துக் கட்டப்பட்டது என்பதிலும் ஒரு கணக்கு இருந்தது. ரெக்கார்டிங் சென்டர் படியேறிய பெண்களை நான் பார்த்த நினைவில்லை. என் அக்காவுக்கு வேண்டிய பாட்டுகள் என் தாளில், என் கையெழுத்தில்தான் போகும். அந்தக் கடையில் புல்லாங்குழலைப் பற்றி நடந்த பேச்சு அவளுக்குக் கிடைக்கவில்லை. என்னைவிட நல்ல காது அவளுக்கு. வீணை படித்திருந்தால் எங்கேயோ போயிருப்பாள் என்று அம்மா சொல்வார். அவளுக்கென்று ஒரு ஹெட்போன் வந்தபோது அவளுக்குக் கிடைத்தது சின்ன சுதந்திரம் கிடையாது. என்ன பாட்டு, எத்தனை தடவை, எந்த வரியில் நிறுத்திக் கேட்க வேண்டும் என்பதை முதல் தடவையாக அவளே தீர்மானித்தாள். அதனால் காதில் இயர்போன் மாட்டிய பிள்ளைகளைப் பார்த்து ‘இந்தத் தலைமுறையே தனித்தீவாகிவிட்டது’ என்று யாராவது புலம்பினால் என்னால் சேர்ந்து புலம்ப முடியாது.

சரி, வசதி வந்த பிறகு எங்கள் ஆடியோ கூட்டம் என்ன செய்தது? ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஸ்டீரியோ பிறந்த கதை தெரிந்தால் இது எவ்வளவு விசித்திரம் என்று புரியும். 1931இல் இங்கிலாந்தில் ஆலன் ப்ளம்லைன் என்ற இ.எம்.ஐ. இசைத்தட்டுக் கம்பெனிப் பொறியாளர், பின்னாளில் தன் மனைவியான பெண்ணோடு சினிமாவுக்குப் போனார். நடிகர் திரையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நடக்கிறார், குரல் மட்டும் நகராமல் ஒரே இடத்திலிருந்து வருகிறது. ஆளைப் பின்தொடர்ந்து குரலும் போக ஒரு வழி இருக்கிறது என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். அந்த ஆண்டு டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அரங்கு நிறைந்த ஜனத்துக்காக யோசித்த வித்தை. வீட்டுக்கு வந்தபோது அது இரண்டு ஸ்பீக்கர், ஒரு நாற்காலி, மூன்றுக்கும் நடுவே சமபக்க முக்கோணம் என்று ஆனது. நாற்காலியில் இருப்பவருக்குப் பாடகர் நடுவில் நின்று பாடுவார், வயலின்கள் இடமும் வலமுமாகப் பிரியும். பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தால் அவருக்குப் பாட்டு முழுக்க ஒரு ஸ்பீக்கர் பக்கமாகச் சரிந்துவிடும். வெளிநாட்டு ஆடியோ பத்திரிகைகளில் வந்த கேட்பறைப் படங்களைப் பாருங்கள்: பெரும்பாலும் ஒரே ஒரு நாற்காலி. அதைப் பெருமையாக வேறு போட்டிருப்பார்கள்.

அந்த நாற்காலிக்கு வருவதற்குத்தான் லட்சங்கள் ஆனது. இப்போது அந்தக் கணக்கு உடைந்துவிட்டது. 2016 செப்டம்பரில் ஐபோன் 7 வந்தபோது ஹெட்போன் துளையை எடுத்துவிட்டார்கள். மிஞ்சிய கம்பி ஹெட்போன்களுக்காக ஆப்பிள் விற்ற சின்ன வால் போன்ற அடாப்டருக்கு, சி டைப்பில் வருவதற்கு, விலை 9 டாலர். அதை அளந்து பார்த்தவர்களுக்கு ஆச்சரியம்: பல மடங்கு விலையுள்ள டாக்குகளோடு சமமாக நிற்கிற அளவு சுத்தமான ஒலி. 2017இல் யெரூன் ப்ரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களை அளந்து, விலைக்கும் ஒலியின் சமநிலைக்கும் சம்பந்தமே தெரியவில்லை என்று கட்டுரை வெளியிட்டார். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழு, எது எந்தக் கருவி என்று தெரியாமல் கேட்க வைத்துச் செய்த சோதனைகளில், காது பழகியவர்களும் பழகாதவர்களும் பெரும்பாலும் ஒரே மாதிரி ஒலியைத்தான் விரும்பினார்கள். எந்த ஸ்தாயி எவ்வளவு சத்தமாக வர வேண்டும் என்று அந்த ஆய்வில் கிடைத்த வளைவை ஒட்டிச் சீனக் கம்பெனிகள் இயர்போன் செய்ய ஆரம்பித்தன. இரண்டாயிரம் ரூபாய்க்குள் இன்றைக்குக் கிடைப்பது, நான் கல்லூரி முடித்த காலத்தில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் கிடைத்திருக்காது. பாட்டுக் கோப்பின் தரமும் அப்படித்தான். 2021 ஜூனில் ஆப்பிள் மியூசிக் கூடுதல் கட்டணம் இல்லாமல் லாஸ்லெஸ், அதாவது சுருக்கினாலும் எதையும் இழக்காத கோப்பு, கொடுத்தது. 2025இல் ஸ்பாட்டிஃபையும் வந்து சேர்ந்தது.

இதற்கு நடுவில் காது விஷயத்தில் ஒரு பெரிய அடியும் விழுந்தது. மொபைல் ஃபிடலிட்டி என்ற அமெரிக்கக் கம்பெனியின் எல்.பி.க்களை, மூலப் பதிவான மாஸ்டர் டேப்பிலிருந்து டிஜிட்டல் கலக்காமல் வெட்டியவை என்று நம்பி உலகம் முழுக்க ஆடியோஃபைல்கள் கொண்டாடினார்கள். பல ஆண்டுகளாக இடையில் ஒரு டிஜிட்டல் படி இருந்தது என்பது 2022 ஜூலையில் வெளியே வந்தது. அந்தப் பதிவுகள் உண்மையிலேயே அருமையாக ஒலித்தன, அதில் மாற்றுக் கருத்து இல்லை. டிஜிட்டல் என்றால் என் காது காட்டிக்கொடுத்துவிடும் என்று சொன்னவர்கள்தான் பேச முடியாமல் போனார்கள்.

நல்ல ஒலி மலிவாகிவிட்டது, பணத்தால் ஒருவரை ஒருவர் முந்துவதற்கு இடம் குறைந்துவிட்டது. அப்படியானால் இந்தப் பைத்தியத்தில் மிச்சம் என்ன? என் பதில்: கூட உட்கார்ந்து, போனை எடுக்காமல், ஒரு இசைத்தொகுப்பை முழுசாகக் கேட்க ஒரு ஆள். அதுதான் இன்றைக்குக் கிடைக்க அரிது. 2022இல் அமெரிக்காவில் 1987க்குப் பிறகு முதல் முறையாக சி.டி.யைவிட எல்.பி. அதிகம் விற்றது, 4 கோடியே 10 லட்சத்துக்கு 3 கோடியே 30 லட்சம் என்ற கணக்கில். ஒலி உயர்ந்தது என்பதற்காக மட்டும் இத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று நான் நம்பவில்லை. ரெக்கார்டை உறையிலிருந்து எடுத்து, இன்னொருவர் முன்னால் போட்டு, இருபது நிமிடம் எழுந்திருக்காமல் உட்கார வைக்கிறது அது.

செயலிகளும் இதைப் புரிந்துகொண்டுதான் இருக்கின்றன. 2023 செப்டம்பரில் ஸ்பாட்டிஃபை ‘ஜாம்’ கொண்டுவந்தது. பல பேர் சேர்ந்து ஒரே வரிசையில் பாட்டைச் சேர்க்கலாம். நண்பர்கள் கார் பயணத்தில் இதைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். கலகலப்பாக இருக்கும். ஆனால் என்ன நடக்கிறது என்றால், ஓடுகிற பாட்டை யாரும் கேட்பதில்லை. எல்லாரும் குனிந்து அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தேர்ந்தெடுப்பதில் காட்டுகிற ஆர்வம் கேட்பதில் இல்லை. அதைவிட எனக்கு நம்பிக்கை தருவது வேறு ஒன்று. 2019இல் ஆப்பிள் ஒரே போனில் இரண்டு பேர் ஏர்பாட் மாட்டிக் கேட்கும் வசதியைத் தந்தது. 2022இல் ப்ளூடூத் கூட்டமைப்பு ஆரகாஸ்ட் என்று அறிவித்தது: ஒரு கருவியிலிருந்து எத்தனை பேர் வேண்டுமானாலும் அவரவர் இயர்போனில் வாங்கிக்கொள்ளலாம். மொரிட்டாவின் இரண்டாவது துளை நாற்பது வருடம் கழித்துத் திரும்பி வருகிறது.

அது பரவலாகும் வரைக்கும் நம் பிள்ளைகள் ஒரு ஜோடி இயர்பட்ஸை ஆளுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போகத்தான் போகிறார்கள். பார்க்க நன்றாக இருக்கிறது. ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். ஸ்டீரியோவில் இடப்பக்கம் ஒரு கூட்டு வயலினும் வலப்பக்கம் ஒரு கிட்டாரும் இருந்தால், ஒருத்திக்கு வயலின் மட்டும், மற்றவளுக்குக் கிட்டார் மட்டும் கேட்கும். போனில் அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் ‘மோனோ ஆடியோ’ என்று ஒன்று இருக்கிறது. அதை ஆன் செய்துவிட்டால் இரண்டு பேருக்கும் முழுப் பாட்டும் கேட்கும். என் மகளுக்கும் அவள் தோழிக்கும் இதைச் செய்து கொடுத்தபோது, அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பாட்டிலேயே கேட்காத வாத்தியங்கள் வந்தன. “அப்பா, இதுல சாக்ஸபோன் இருக்கா?” என்றாள்.

கூடி உட்கார்ந்து நல்ல ஒலியில் கேட்பது என்பதை ஒரு நிலையான இடமாகவே செய்து காட்டியவர்கள் ஜப்பான்காரர்கள். டோக்கியோ ஷிபுயாவில் ‘லயன்’ என்ற காபிக் கடை 1926இல் தொடங்கியது. மேற்கத்திய செவ்வியல் இசை ஓடும், நாற்காலிகள் எல்லாம் ஸ்பீக்கரைப் பார்த்துப் போட்டிருக்கும், பேசக்கூடாது. யோகோஹாமாவில் 1933இல் ‘சிகுசா’ ஜாஸுக்காக வந்தது. போருக்குப் பிறகு வெளிநாட்டு எல்.பி. ஒன்றின் விலை சாதாரணச் சம்பளக்காரருக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ஒரு காபி விலைக்கு அதைக் கேட்கலாம் என்பதால் மாணவர்கள் குவிந்தார்கள். நம் டீக்கடையும், ஜாஸ் கிஸ்ஸா என்று அவர்கள் சொல்லும் இந்த ஜாஸ் காபிக் கடையும் ஒரே காரணத்தால் பிறந்தவை. ஒரு வித்தியாசம், அவர்கள் ஒலியை விட்டுக்கொடுக்கவில்லை. 1970இல் இச்சினோசெகி என்ற சிறிய ஊரில் ஷோஜி சுகவாரா தொடங்கிய ‘பேசி’ கடைக்கு அங்குள்ள ஜே.பி.எல். ஸ்பீக்கர்களைக் கேட்பதற்காகவே தூர தேசத்திலிருந்து ஆட்கள் போனதுண்டு. பெரிய நகரத்தில்தான் நல்ல ஒலி இருக்க வேண்டும் என்று சட்டமா என்ன? அந்த மாதிரி இடங்களின் சாயலில் லண்டனில் ‘ப்ரில்லியன்ட் கார்னர்ஸ்’ 2013இல் வந்தது, பிறகு பல நாடுகளில் பரவி, மும்பையிலும் பெங்களூரிலும் கேட்பதற்கான பார்கள் திறந்துவிட்டார்கள். அவற்றில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. குடிக்கும் விலை அதிகம், பேச்சுச் சத்தம் அதைவிட அதிகம், ஸ்பீக்கர் பல இடங்களில் படம் எடுக்க வைத்த பொருளாகவே இருக்கிறது.

எங்களுக்குப் பாரும் வேண்டாம், கடையும் வேண்டாம் என்று நாங்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிறு வீட்டிலேயே கூடுகிறோம். என் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. மொசைக் தரை, சிமெண்ட் சுவர், அலமாரிக் கண்ணாடி. தமிழ்நாட்டு வீட்டறைகள் எல்லாம் ஸ்பீக்கருக்கு எதிரிகள். பத்தடி இடைவெளியில் எதிரெதிரே இருக்கும் சுவர்களுக்கு நடுவே சுமார் 56 ஹெர்ட்ஸ் ஒலி சிக்கிக்கொண்டு தங்கும். பேஸ் கிட்டாரின் ‘ஏ’ கம்பி 55 ஹெர்ட்ஸ். ஆக பேஸ் கலைஞர் அந்த ஒரு ஸ்வரத்துக்கு வரும்போதெல்லாம் அறை முழுக்க ‘பூம்’ என்று வீங்கும், பக்கத்து ஸ்வரம் காணாமல் போகும். விலை உயர்ந்த கேபிள் மாற்றினால் இது போகாது. ஸ்பீக்கரை மூலையிலிருந்து முன்னால் இழுத்து, உட்காரும் இடத்தைப் பின் சுவரிலிருந்து தள்ளி, பின்னால் இலவம்பஞ்சு மெத்தைகளைச் சாத்தி வைத்த பிறகு பாதி சரியானது.

அறையின் எதிரொலியில் ஒரு பங்கைச் சரி செய்தது வந்து உட்கார்ந்த மனிதர்கள். மெத்தை செய்யாததை அவர்கள் செய்தார்கள் என்று முதல் கூட்டத்திலேயே தெரிந்தது. மனித உடம்பும் துணியும் நடு, மேல் ஸ்வரங்களை நன்றாக உறிஞ்சும். காலி சபாவில் ஒத்திகை பார்க்கும்போது எதிரொலிக்கிற கச்சேரி, ஆள் நிறைந்ததும் தெளிவாவது இதனால்தான். எட்டுப் பேர் உட்கார்ந்தால் என் அறையில் தாளக்கருவிகளின் கூர்மை தணிந்து, பாடுகிறவர் மூச்சு இழுப்பது தெளிவாகிறது. இத்தனை வருடம் ஆடியோஃபைல்கள் தனியாக உட்கார்ந்து சுவரில் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தோம். ஆட்களைக் கூப்பிட்டிருக்கலாம்.

பேஸ் வீக்கம் மட்டும் ஆட்களால் குறையாது. அதற்கு ஈக்வலைசரில் 56க்குப் பக்கத்தில் கொஞ்சம் வெட்டி வைத்திருக்கிறேன்.

கூட்டத்தில் விதிகள் அதிகம் கிடையாது. ஒரு மாதம் ஒருவர் தேர்வு, எல்.பி.யானாலும் லாஸ்லெஸ் கோப்பானாலும் சரி, ஒரு பக்கம் அல்லது இருபது நிமிடம் நிறுத்தாமல் ஓடும். போன்கள் அடுக்களையில் ஒரு தட்டில். கருவியின் விலையைச் சொல்லக் கூடாது. நடு நாற்காலியில் ஒரு பாட்டுக்கு ஒருவர் என்று மாறி மாறி உட்காருவோம். முதலில் இது மரியாதைப் பிரச்சினையானது. வயதில் பெரியவரை ஓரத்தில் உட்கார வைத்துவிட்டு ஒரு கல்லூரிப் பையன் எப்படி நடுவில் உட்காருவது? “அட, நீ உக்காரு கண்ணு, நான் அடுத்த பாட்டுக்கு வர்றேன்” என்று அந்தப் பெரியவரே சொன்ன பிறகு தீர்ந்தது. அவர் முன்பு பஸ் டிரைவர். எந்தப் பாட்டு எந்த வருடம் வந்தது என்பதில் அவரிடம் யாரும் வாதாட முடியாது.

அக்கா போன தீபாவளிக்கு அடுத்த கூட்டத்திலிருந்து வருகிறாள். அவள் கொண்டுவந்தது ஒரு வீணைக் கச்சேரிப் பதிவு, பழைய மோனோ. ஸ்டீரியோ இல்லாததை நடு நாற்காலியில் உட்கார்ந்து என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். ஓட விட்ட பிறகு அவரே எழுந்து ஓரத்துக்குப் போய் உட்கார்ந்து பார்த்தார். எங்கே உட்கார்ந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தந்தியில் விரல் அழுத்தி இழுக்கிற இடம் அத்தனை பேருக்கும் ஒன்றாகக் கேட்டது. ஒரு கமகம் முடிவதற்கு முன்பே அக்கா கையைத் தூக்கி, “இப்ப வரும் பாருங்க” என்றாள். வந்தது. யாரும் அவளைப் பேசாதே என்று சொல்லவில்லை.

ஆனால் பாட்டு ஓடும்போது பேசலாமா கூடாதா என்பதில் எங்களுக்குள் இன்னும் முடிவு வரவில்லை. ஜப்பான் வழியில் வாய் திறக்கக் கூடாது என்று ஒரு கட்சி. ரெக்கார்டிங் சென்டரில் ஊசியைத் தூக்கி வைத்துக் காட்டிய அண்ணனின் வழிதான் சரி என்று நான், அக்கா, அந்த டிரைவர் ஐயா. இப்போதைக்கு முதல் தடவை மௌனமாக, இரண்டாவது தடவை நிறுத்தி நிறுத்திப் பேசிக்கொண்டே என்று ஒத்துக்கொண்டிருக்கிறோம். அதனால் கூட்டம் நீண்டு சாயங்காலம் ஏழு மணி ஆகிவிடுகிறது. தூரத்திலிருந்து வருகிறவர்கள் கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருப்பதால், அடுத்த மாதத்திலிருந்து மதியம் இரண்டு மணிக்கே ஆரம்பிக்கிறோம்.